முன்னால் போனவள்

நெருங்கி உட்காருங்கள். போனையெல்லாம் கவிழ்த்து வையுங்கள்... ஏன் என்று கடைசியில் தெரியும். என் சிநேகிதி தங்கத்தாயின் மகள் விஜிதாவுக்கு நடந்தது இது.

உச்சி வெயில், பன்னிரண்டரை மணி. குருவிகுளம் பக்கம் பிரிகிற பாதையில் ஒரு ஈ காக்கை இல்லை. விஜிதா பஸ்ஸை விட்டு இறங்கித் தனியாக நடக்கிறாள். புருஷன் லிங்கேஷ் பறித்துக்கொண்டு போன மூன்று வயது மகளைக் கேட்டு வாங்க.

ஏன் பறித்தான்? பிரசவத்துக்குப் பிறகு விஜிதாவுக்கு மனசு கலங்கிவிட்டது. தூக்கமில்லை. காதுக்குள் குரல்கள். தங்கத்தாய் மாத்திரையும் கொடுத்தாள். சங்கரன்கோவில் அம்மன் சந்நிதித் தரையில் பதித்த சக்கரத்தில் உட்கார்ந்தால் சித்தம் தெளியும் என்று அங்கேயும் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். விஜிதா தெளிந்துவிட்டாள். புருஷன் வீட்டுக்கு மட்டும் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் கூடப் படித்த ப்ரியதர்ஷினி கேமராவோடு வந்தாள். இப்படிக் கஷ்டப்பட்ட பெண்களைப் பற்றி ஆவணப்படமாம்.

"மூஞ்சியக் காட்டவே மாட்டேன்ட்டி. முதுகு மட்டுந்தான்."

"சத்தியமா?"

கோயில் புற்றுமண்ணைக் குழைத்து நெற்றியில் பூசிக்கொண்டு சத்தியம் செய்தாள் ப்ரியா. விஜிதா பச்சைச் சேலையில், வெறுந்தரையில் தனியாக உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

படம் ஊரார் போனிலெல்லாம் ஓடியது, புருஷன் வீட்டுப் போனிலும். முதுகு இல்லை... அழுது வீங்கிய முழு முகம். எதிரே இன்னொரு கேமராவை ஒளித்து வைத்திருக்கிறாள்!

விஜிதா போன் போட்டாள்.

"உன் மூஞ்சி இல்லாம படமே இல்லட்டி! எத்தன பொம்பளைங்க பாத்துட்டு அழுதாங்க தெரியுமா? எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுதாங்க..."

"என் பிள்ளைய இழுத்துட்டுப் போயிட்டாவ. கை தட்டுனவளா வந்து வாங்கித் தருவா?"

விஜிதா விடவில்லை.

"படத்துல ஒருத்திய உக்கார வச்சிருக்கேல்லா... அவளையே போயி வாங்கிட்டு வரச் சொல்லு."

அந்தப் பாதைக்கு வருவோம். சரக்... சரக்... செருப்புச் சத்தம். இறங்கும்போது யாருமே இல்லை. இப்போது முன்னால் ஒருத்தி போகிறாள். பச்சைச் சேலை. விஜிதாவின் அதே பின்னல். காய்ந்து கிடக்கிற சித்திரையில் நனைந்த புற்றுமண் வாசம்...

அந்தச் சேலையைப் படம் வந்த அன்றே விஜிதா அடுப்பில் போட்டு எரித்திருந்தாள்.

"ஏட்டி, யாரு?"

திரும்பவில்லை. விஜிதா ஓடினாள். ஓட ஓட அதே தூரம். திருப்பத்தில்... காணோம்.

புருஷன் வீட்டுக் கதவைத் தட்டினாள். மாமியார் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் என்னத்துக்கு வந்த? அதான் பிள்ளையக் குடுத்தாச்சுல்லா?"

"யாருட்ட குடுத்திய?"

"நடிக்காத. இப்பந்தான பச்சச் சேலையில வந்து கைய நீட்டுன. ஒரு வார்த்த பேசல. உன் கண்ணப் பாக்கவே பயமா இருந்துச்சு, குடுத்துட்டேன். பிள்ளயும் அம்மானு தாவிட்டுப் போச்சே..."

வாசற்படியில் ஈரமாகப் புற்றுமண். தொட்டால் சில்லென்று இருந்தது.

தேடாத இடமில்லை. போலீஸும் தேடிக் களைத்தது. பிள்ளை கிடைக்கவே இல்லை.

ஒருநாள் ப்ரியா நடுங்கிக்கொண்டு வந்தாள். படத்தை அழித்துவிடப் போகிறாளாம். போட்டுக் காட்டினாள். விஜிதா பார்த்தாள்... பார்த்தவள், தன் வாழ்க்கையைக் கெடுத்தவளின் காலிலேயே விழுந்தாள்.

"அழிச்சிராதட்டி... அழிச்சிராத."

ஊரார் போனிலெல்லாம் ஓடிய அந்தப் படத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவளின் மடியில், அவள் நெஞ்சில் முகம் புதைத்து, இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது. பார்க்கப் பார்க்க வளர்கிறது. குட்டை முடி இப்போது பின்னல் போடுகிற அளவுக்கு நீண்டுவிட்டது. விஜிதா தினமும் போட்டுப் பார்க்கிறாள், பிள்ளை ஒரு தடவையாவது இந்தப் பக்கம் திரும்பாதா என்று.

திரும்புவதில்லை. முதுகு மட்டுந்தான்.