எழுத அனுமதி இல்லை

டேட்டாபேஸ் ஃபைல் திறக்கவில்லை என்றால் பதறக் கூடாது, சார். பத்துக்கு ஒன்பது முறை காரணம் அற்பமாகத்தான் இருக்கும். ஃபைல் இடம் மாறியிருக்கும், டிஸ்க் நிரம்பியிருக்கும், இல்லையென்றால் அதில் எழுதும் அனுமதி போயிருக்கும். பன்னிரண்டு வருஷம் அந்த மருத்துவமனையில் இதைப் பார்த்தவன் நான். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால், “அண்ணனைக் கூப்பிடு” என்பார்கள். அண்ணன் என்றால் நான்தான்.

தங்கை வீட்டுக்காரர் வேலையில்லாமல் இருந்தார். நானே பேசி, என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மருத்துவமனையே அவரை ‘மாப்பிள்ளை’ என்றது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆறே மாதம். ஒரு நாள் வார்டு கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று நான் எழுந்து போனபோது தலைமை நர்ஸ் கையமர்த்தினார். “நீங்க இருங்கண்ணே. மாப்பிள்ளை வரட்டும், அவர் சட்டுன்னு முடிச்சிருவாரு.”

உட்கார்ந்துவிட்டேன். வயிறு எரிந்தது, மறைப்பானேன்? தங்கை நன்றாக இருக்கட்டும் என்று நினைத்ததும் நான்தான், அந்த ஆள் தொலையட்டும் என்று நினைத்ததும் நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. காலை ஒன்பது மணிக்கு, நோயாளிகளின் பதிவெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் ஃபைலின் அனுமதியை மாற்றினேன். யாரும் படிக்கலாம், புதிதாக எதுவும் எழுத முடியாது. எழுதாவிட்டாலும் திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்றே வரும். அது பழைய குறை. திருத்திவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னபோது, உமக்கேன் அந்த வேலை என்று நான்தான் தடுத்தேன். திரும்பப் போய்த் தேடும்போதுதான் போட்ட பதிவு இல்லை என்று தெரியும். தெரிந்ததும் என்னைக் கூப்பிட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை, முடித்துக் கொடுத்திருப்பேன்.

பதினோரு மணிக்குப் பிழைப் பட்டியலில் ஒரு வரி வந்தது. ஏழாம் வார்டு அம்மாவுக்கு ஒரு ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாது என்று லேபிலிருந்து நர்ஸ் போட்ட பதிவு ஏறவில்லை. அந்தப் பட்டியல் என் திரையில் மட்டும்தான் வரும். இரண்டு தடவை படித்தேன். அதே ஊசி பன்னிரண்டு மணிக்கு என்று டாக்டர் முந்தின நாளே எழுதி வைத்திருந்தார், அதையும் பார்த்தேன். போனை எடுத்துச் சொல்லியிருக்கலாம். நாமாகப் போய் நின்றால் என்ன மதிப்பு, சார்? அவர்களாகக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் வந்தது. மாப்பிள்ளை, வீட்டிலிருந்து.

“மச்சான், தலைமை நர்ஸ் கூப்பிட்டாங்க. ஏதோ பதிவு ஏறவே இல்லையாம். ஊசி போட்டதும் அந்தம்மா போயிட்டாங்களாம், மச்சான். கொஞ்சம் பாருங்களேன்.”

இரண்டு அறை தள்ளி நான் உட்கார்ந்திருக்கிறேன். லீவில் இருக்கிறவருக்குப் போன் போடுகிறார்கள்.

அந்த அம்மாவைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் காலையிலிருந்து இவ்வளவு கேட்டீர்களே, பக்கத்திலேயே இருந்த என்னை ஏன் கூப்பிடவில்லை என்று அந்தத் தலைமை நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா, சார்?