கிளிப் படம் போட்ட பனியன்

பனியனில் அச்சான படத்தை எடுப்பது பெரிய வித்தையில்லை. உட்புறத்தில் பெயிண்டைக் கரைக்கும் தின்னரை ஒற்றி, சற்றுப் பொறுத்து, மழுங்கிய கத்தியால் வழித்தால், வெயிலில் உரியும் தோல் மாதிரிச் சுருண்டு வந்துவிடும். என் மருமகள் மொர்ஜினா ஒரு நாளில் நாற்பது எடுப்பாள். நாராயண்கஞ்சில் ஏற்றுமதிக் கம்பெனிகள் கழித்துப்போட்ட சரக்கு. படம் போனால்தான் உள்ளூர்ச் சந்தையில் விற்கும்.

நான் முப்பத்தோராண்டு தலைமையாசிரியராக இருந்தவன். இந்தக் காவல் நிலையத்திலும் என்னைக் கண்டதும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். என் மகன் இறந்த பிறகு எனக்கும் என் மகள் தஹ்மினாவுக்கும் சோறு போட்டது அந்தத் தின்னர்தான் என்பது தெருவில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

தஹ்மினாவைப் பெண் பார்க்கத் தாலுக்தார் குடும்பம் வந்த அன்று, முப்பது பனியன் பாக்கி இருந்தது. மாலைக்குள் கொடுக்க வேண்டும். வேலை நடக்கும் அறை கூடத்தை ஒட்டியது. அதன் ஜன்னலோ விருந்தினர் வரும் நடைபாதையைப் பார்த்தது. எப்போதும் மொர்ஜினா அந்த ஜன்னலடியில்தான் உட்காருவாள்.

“ஜன்னலைச் சாத்திவிடுகிறேன் மொர்ஜினா. வாடை வரும்.”

“நம்ம வீட்டு மானத்துக்கு மூக்கு ரொம்ப நீளம்ப்பா,” என்று சிரித்தாள். “சாத்துங்க. ஆனா அரை மணி தாண்டினா எனக்குத் தலை சுத்திடும். அவங்களைச் சீக்கிரம் அனுப்பிடுங்க.”

சரி என்றேன். வெளியிலிருந்து ஜன்னலுக்குப் பலகை வைத்துக் கட்டினேன். கதவிடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்தேன். மறதியாகக் கறைபட்ட கையோடு அவள் கூடத்துக்கு வந்துவிடக் கூடாதே என்று, கதவை வெளிப்பக்கம் தாழிட்டேன்.

தாலுக்தார்கள் நல்ல மனிதர்கள். சேமியாப் பாயசத்தைப் புகழ்ந்தார்கள். என் தாத்தா கட்டிய மசூதியைப் பற்றிக் கேட்டார்கள். அப்போதுதான் தட்டும் சத்தம் வந்தது.

“மாஸ்டர் சாகிப், உள்ளே யாரோ தட்டுறாங்களே?” என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

“பக்கத்து வீட்டில் கட்டில் செய்கிறார்கள்.”

“பாருங்க, நாம இன்னும் பேசியே முடிக்கல. கட்டிலுக்கு அதுக்குள்ள அவசரம்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததைச் சொல்லத்தான் இன்று கூச்சமாக இருக்கிறது. பிறகு மசூதிக் கதையைக் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்கும் இருக்கச் சொல்லி வற்புறுத்தினேன். வந்தவர்களை வெறும் பாயசத்தோடு அனுப்புவது எங்கள் வழக்கமில்லை.

அவர்கள் கிளம்பிய பிறகு கதவைத் திறந்தேன். கதவருகிலேயே மூச்சற்று விழுந்து கிடந்தாள். பிடித்திருந்த பனியனில் ஒரு கிளி பாதி உரிந்திருந்தது. பலகையையும் சாக்கையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டேன். அவளே உள்ளே தாழிட்டுக்கொண்டதாகவும், நான் இடித்துத் திறந்ததாகவும் உங்களுக்கு முன்பிருந்த அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தை யாரும் சந்தேகிக்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. போன வாரம் தஹ்மினா வந்திருந்தாள். அந்த அறையில் நெடுநேரம் நின்றுவிட்டுக் கேட்டாள்: “அப்பா, அண்ணி ஜன்னலைத் திறந்து வெச்சுத்தானே வேலை செய்வாங்க? அன்னிக்கு யார் சாத்தினது?”

அந்தப் பதிலைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன். ஜன்னலைச் சாத்தியது நான். தாழிட்டது நான். தட்டியது யாரென்று முதல் தட்டிலேயே எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் பலமாகத் தட்டியவள், பிறகு மெல்லத்தான் தட்டினாள். விருந்தினர் காதில் விழக் கூடாதென்று அவளே அடக்கித் தட்டியிருக்கிறாள். எங்கள் குடும்பத்துக்கு ஏற்ற மருமகள்.