ஊசிக்கு வழி காட்டிய சாரம்மாள் சிஸ்டருக்கு உவந்தளிக்கும் மடல்

உவரிக் கடலோரம் உதித்து, உயர்ந்த உள்ளத்தோடு முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் மருத்துவமனையில் ஊழியம் புரிந்து, இன்று ஓய்வு பெறும் ஸ்கேன் அறைத் தலைமைச் செவிலியே! விலா எலும்புகளின் இடுக்கில் ஊசி போக வேண்டிய வழியை விழியாலேயே அளந்து சொல்லும் வித்தகியே! வணக்கம்.

மடல் என்றால் முதலில் உங்கள் மாண்பைத்தான் பாட வேண்டும். ஆனால் அந்த மாண்பு வெளியே தெரிந்ததே என் மடமையால் என்பதால், மடமையிலிருந்து தொடங்குகிறேன். எழுதும் பொறுப்பை என்னிடம் தந்த சக ஊழியர்கள் பொறுத்தருள்க. அவர்கள் வேறு ஆள் பார்த்திருக்கலாம்.

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்று. பேட்டையில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் மகாராஜன், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் விரிந்து நம் மூச்சை இழுத்துத் தருவது உதரவிதானம் என்னும் தசை. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அறிய, அதற்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, அங்கே ஓடும் மின்துடிப்பைக் கருவி வழியே கேட்க வேண்டும். நரம்பு மருத்துவன் குமரகுருபரனாகிய நான், விலாவை விரலால் எண்ணி, படித்த பாடத்தை மனத்தால் எண்ணி, கண்ணால் காணாத ஓர் இடத்தில் கம்பீரமாகக் குத்தினேன். தசை அகப்படவில்லை. நுரையீரல் அகப்பட்டது.

அதில் ஓட்டை விழுந்து, காற்றுக் கசிந்து, மூன்று நாள் நெஞ்சில் குழாயோடு கிடந்தார் மகாராஜன். என்னைக் காணும்போதெல்லாம், "டாக்டரே, நான் நாளைக்கு நாப்பது டயருக்குப் பஞ்சர் ஒட்டுதேன். ஒண்ணுலயாவது நானா ஓட்டை போட்டது கெடையாது வே!" என்பார். வார்டே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இனி இந்த ஊசியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சிரிக்காதவர் நீங்கள் ஒருவர்தான். மகாராஜனின் நெஞ்சுக் குழாய் இறங்கும் போத்தலில் காற்றுக் குமிழி நின்றுவிட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டு, என் அறைக்கு வந்து கேட்டீர்கள்: "அந்த ஸ்கேன் பெட்டி வயித்துப் பிள்ளையத்தான் பாக்கணும்னு எழுதியா வச்சிருக்கு? விலாவுல வச்சுப் பாத்துட்டுக் குத்தினா என்ன, டாக்டர்?"

வேறு ஊர்களில் யாரேனும் அப்படிச் செய்துகொண்டிருந்திருக்கலாம். எங்கள் காதுக்கு அது எட்டவில்லை. எட்டியது உங்கள் குரல்தான்.

சோதித்துப் பார்க்க யார் படுப்பது? "குத்துனவரு படுக்கட்டும்" என்பது உங்கள் தீர்ப்பு. சில்லென்ற களிம்பை என் விலாவில் தடவி ஸ்கேன் பெட்டியின் கைப்பிடியை வைத்தீர்கள். "தோல் தெரியுது. கீழ கொழுப்பு. அதுக்கும் கீழ கொழுப்பு. தசை வந்துசேர நேரமாகும்போலயே டாக்டர், வீட்டுல வாரத்துக்கு எத்தன நாளு தேங்காப்பால் சொதி?" என்றீர்கள். வாரம் இரண்டு நாள் என்பதை இந்த மடலின் வாயிலாக ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் தெரிந்தது. இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கருத்த பட்டையாய், என் உதரவிதானம்! மூச்சை இழுத்தால் பட்டை தடித்தது. மறுகணமே மேலிருந்து நுரையீரல் நாடகத் திரைபோல் இறங்கி அதை மறைத்தது. மூச்சை விட்டால் திரை ஏறியது. திரை ஏறிநிற்கும் அந்த ஒரு நொடியே ஊசிக்கு உரிய நொடி என்று அன்று இருவரும் கண்டோம்.

அன்று முதல் அதுவே நம் அறையின் முறை ஆயிற்று. கைப்பிடியைக் கல்லில் செதுக்கியதுபோல் அசையாமல் பிடித்தபடி, திரை ஏறும் தருணத்தில் நீங்கள் "ம்" என்பீர்கள். நான் ஊசியைச் செலுத்துவேன். அடுத்த மூச்சில் கருவி, தகரக் கொட்டகையில் மழை விழுவதுபோல் சடசடக்கும். அந்தச் சடசடப்பில்தான் தசை உயிரோடிருக்கும் சேதி இருக்கிறது.

பயந்தவர்க்குப் பரிவாய், பதறியவர்க்குப் பக்கத்துணையாய், அடம்பிடித்தவர்க்கு அதட்டலாய் நீங்கள் நின்ற நிலையை என்னென்பது! விலா வீங்க மூச்சடக்கிக் கிடந்த பெரிய மனிதரிடம், "அண்ணாச்சி, மூச்ச என்னமோ நெலப் பத்திரம் மாதிரி இறுக்கிப் பிடிச்சிருக்கியளே, பைய விடுங்க" என்பீர்கள். திமிறும் வாலிபனிடம், "ஏலே, மேல மோட்டப் பாக்காத. இங்கன என்னையப் பாரு. இழு... விடு..." என்பீர்கள். ஏழாண்டுகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவர் நுரையீரலிலும் ஊசி படவில்லை. மகாராஜனும் அவர்களில் ஒருவர். இரண்டாம் முறை குத்திக்கொள்ள அவரே வந்தார், உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு.

இங்கே மடலை முடித்திருந்தால் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்காரருக்கும் வசதியாக இருந்திருக்கும். ஆனால் வருகிற திங்கட்கிழமை முந்நூற்றுப் பதின்மூன்றாவது ஆள் காத்திருக்கிறார்.

அவர் மாஞ்சோலைத் தோட்டத்தில் தேயிலை பறிக்கும் முத்துராணி. சரிவில் உருண்டு விழுந்து கழுத்தில் அடிபட்டதில், ஒரு பக்கத்து உதரவிதானம் அசையாமல் நின்றுவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. நரம்பு மறுபடி துளிர்க்கிறதா, இல்லை அறுவைச் சிகிச்சைதான் வழியா என்று ஊசிதான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை நீங்கள் இருக்கமாட்டீர்கள். கைப்பிடியைப் பிடிக்க, இரண்டாண்டு பழகிய செவிலி வேணி இருக்கிறார். "ம்" சொல்ல ஆள் இல்லை. ஆகவே முத்துராணியை மதுரைக்கு அனுப்பக் கடிதம் எழுதி உறையிலும் இட்டேன். முத்துராணி கேட்டார்: "நாலு மாசமா உக்காந்தே ஒறங்குதேன். பஸ்ஸுல மதுர வரைக்கும் வேற உக்காரணுமா சார்? இங்கன குத்த ஆளு இல்லியா?"

அதையே நான் உங்களிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை கேட்டதற்கு, "விழாப் பந்தலுக்கு வாழமரம் சொல்லியாச்சா?" என்றீர்கள். புதன்கிழமை கேட்டதற்கு, "சட்டப் பொத்தான மாத்திப் போட்டிருக்கிய" என்றீர்கள்.

அன்புச் செவிலியே! இனியேனும் விடிகாலை மணியடிக்காமல் நீங்கள் துயில வேண்டும். பொருநையில் வெள்ளம் வரும் ஆண்டுகள் பலவும் நீங்கள் நலமாய்க் காண வேண்டும். பேரப்பிள்ளைகளைத் துரத்தி மணலில் ஓடியும் மூச்சிரைக்காதிருக்க வேண்டும். எந்த ஊசியும் உங்கள் உடலைத் தேடி வராதிருக்க வேண்டும். இது எங்கள் எல்லோருடைய வாழ்த்து.

எனக்கு மட்டும் வாழ்த்தோடு முடிக்க மனம் வரவில்லை. நேற்று நண்பகல், ஸ்கேன் அறைச் சாவியை வேணியிடம் நீங்கள் ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது, உறையைக் கையில் வைத்துக்கொண்டே வந்து நின்றேன்.

"சிஸ்டர், வாழைமரமும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். முத்துராணிக்கு நான் குத்தலாமா, கூடாதா?"

"குத்தலாம்."

"நீங்கள் 'ம்' சொல்லாமலா?"

"கிறிஸ்மஸ்ல இருந்து நான் சொல்லுததுக்கு முன்னாலயே நீங்க குத்திட்டுத்தான் இருக்கிய. தெர ஏறுனதும் ஒங்க கை தானாப் போயிருது. தப்பாப் போனா நிறுத்தச் சொல்லணும்னு நான் வாயத் தொறந்து வச்சிக்கிட்டு நிப்பேன். ஒருதரம்கூட தேவைப்படல. தொறந்த வாய சும்மா மூடுவானேன்னுதான் 'ம்'முங்கேன், டாக்டர்."

இங்ஙனம்,
மருத்துவர்கள், செவிலியர், ஊழியர்கள் அனைவருக்குமாக
குமரகுருபரன்

பாளையங்கோட்டை
31-7-1998