காற்றைப் பற்றி மட்டும் கேட்டான்

எனக்கு வழுக்கை விழுந்தது நாற்பதைத் தாண்டிய பிறகுதான், மேடம். அதற்கு முன் நல்ல அடர்த்தியான முடி. ஈரம் பட்டால் சுருண்டுகொள்ளும். மலோ சொல்லித் திரிந்த கதை முழுவதும் அந்த முடியைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் சொல்கிறேன்.

அந்தக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிரெஸ்ட் துறைமுகத்தில் அது காதில் விழாதவர் யார் இருக்கிறார். இளமையில் நானும் மலோவும் ஒரே படகில் ஓடினோம். பிஸ்கே வளைகுடாவில் ஒரு பிப்ரவரி மாதம் நான் தண்ணீரில் விழுந்தேன். அவன் படகைத் திருப்பிக்கொண்டு வந்து என்னை மேலே இழுத்துப் போட்டான். நடந்தது அவ்வளவுதான். ஆனால் எந்த விருந்திலும் இரண்டாவது பாட்டில் ஆப்பிள் மது திறந்தவுடன் மலோ தொண்டையைச் செருமிக்கொள்வான்.

"முடியைக் கொத்தாப் பிடிச்சேன் பாருங்க, பூனைக்குட்டிய தூக்குற மாதிரி தூக்குனேன். ஐயா அப்ப என்ன சொன்னார் தெரியுமா? 'அம்மா'ன்னார். அவங்கம்மா பாவம், கெம்பேர் ஊர்ல தையல் மிஷின்ல உட்கார்ந்திருக்காங்க. நல்லவேளை, அன்னிக்கு முடி இருந்துச்சு. இன்னிக்கு விழுந்தா எதைப் பிடிச்சு இழுக்குறது, காதையா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு என் கோப்பையை நிரப்புவான். அவன் மனதில் கடுகளவும் கெட்ட எண்ணம் கிடையாது. இருந்திருந்தால் நான் எப்போதோ சண்டை போட்டு விலகியிருப்பேன். தண்ணீர் அவ்வளவு குளிர், மேடம். வாயில் என்ன வந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்.

அதற்குப் பிறகு நான் கடலுக்குப் போகவில்லை. காற்று வரைபடம் பார்க்கப் படித்துக்கொண்டேன். அதில் என்னை மிஞ்ச இந்தக் கரையில் ஆள் இல்லை. மலோ மூன்று உடல் கொண்ட பெரிய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த நேரத்துக்குள் தனியாளாக அதிக தூரம் ஓடும் சாதனையை முறியடிக்கக் கிளம்பியபோது என்னைத்தான் வேலைக்குக் கூப்பிட்டான். உயிரையும் கொடுத்தான், சோறும் போட்டான். இதற்கு நான் தினமும் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

முதல் வருடம் அவன் பொறுமை இழந்து, என் பேச்சைக் கேட்காமல் போய்ப் பாய்மரத்தை முறித்துக்கொண்டு வந்தான். அன்றைக்கு எல்லோர் முன்னிலும் சத்தியம் செய்தான், இனி வரைபடத்தையே பார்க்க மாட்டேன் என்று. நான் சிவப்பு என்றால் படகு கரையில் நிற்கும். மஞ்சள் என்றால் பையைக் கட்டுவான். பச்சை என்றால் கயிற்றை அவிழ்ப்பான். இங்கே எல்லாக் குழுவிலும் உள்ள வழக்கம்தான், ஆனால் மற்றவர்கள் திருட்டுத்தனமாகக் கைபேசியில் ஒரு பார்வை பார்ப்பார்கள். மலோ பார்க்கவே மாட்டான். சொன்ன சொல் மாறாதவன், மடையன்.

அடுத்து வந்தது சாதனைக்கு ஏற்ற நல்ல குளிர்காலம். மேற்கிலிருந்து காற்றழுத்தத் தாழ்வுகள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு முன்னால் கடல் தட்டையாகக் கிடந்தது. நான் ஒவ்வொரு முறையும் மஞ்சள் என்றேன், பிறகு சிவப்பு என்றேன். காற்று சீக்கிரம் திரும்பிவிடும் என்பேன், மழைமேகம் காற்றை உடைக்கும் என்பேன். எந்தக் காற்றிலும் ஒரு குறை இருக்கத்தான் செய்யும், எனவே இது பொய்யாகாது. அவன் பையைக் கட்டுவதையும் அவிழ்ப்பதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு நன்றாகத் தூக்கம் வந்த குளிர்காலம் அது.

அவன் மனைவி சொலெனுக்கு மட்டும் என்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. மீன்பிடிக் குடும்பத்துப் பெண். ஒரு நாள் எனக்கு வெண்ணெய் அப்பம் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன் அர்மெல், வாழ்க்கையில ஒரு தடவையாச்சும் உனக்குக் காத்து பிடிச்சிருக்கா? எங்கண்ணன் சொல்றான், போன வாரம் மாதிரி காத்து ஆயுசுக்கும் வராதாம்."

"உங்கண்ணன் நெத்திலி பிடிக்கிறவரு. அவருக்கு எல்லாக் காத்தும் நல்ல காத்துதான்."

மலோ வாய் நிறைய அப்பத்தோடு, "அவனை விடுடி. அவனுக்குத்தான் தண்ணின்னா என்னன்னு தெரியும்," என்றான். அதற்கும் மேசையில் சிரிப்பு.

இன்னொரு குளிர்காலமும் அப்படியே போனது. லோரியான் துறைமுகத்து ஆள் ஒருவன் நான் வேண்டாம் என்ற ஒரு காற்றில் ஏறிப் போய்ச் சாதனையைத் தட்டிக்கொண்டான். அன்று மலோ என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், ஆசைப்பட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் என் வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "அவனுக்கு அதிர்ஷ்டம். எனக்கு நீ இருக்கே," என்றான். மேடம், ஒரு மனிதனை இவ்வளவு நம்புவது மரியாதைக்குறைவு. என்னால் கெடுதல் செய்ய முடியும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

அப்படியே காக்க வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். அவன்தான் அதைக் கெடுத்தான். போன டிசம்பரில் அவனுடைய பிறந்தநாள் விருந்தில் எழுந்து நின்று, இதுதான் கடைசிக் குளிர்காலம், காற்று வந்தாலும் வராவிட்டாலும் படகை விற்றுவிடப் போகிறேன் என்று அறிவித்தான். படகுத்துறையில் ஒரு சாப்பாட்டுக் கடை போடப் போகிறானாம்.

"இனிமே எனக்கு ஒரே வேலைதான். வர்றவங்களுக்கு ஊத்திக் கொடுத்து, அர்மெல் கதையைச் சொல்றது," என்றான். "அர்மெல், மூலையில உனக்கு ஒரு நாற்காலி போட்டு வெச்சிருவேன். தலையைக் காட்டுனா போதும்."

சாகும்வரை அந்த மூலை நாற்காலி. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஜனவரியில் பச்சை என்றேன். காற்று உண்மையிலேயே அருமையான காற்று. பலமாக, சீராக, எங்கும் முறியாமல். வேகத்துக்குக் காற்று மட்டும் போதாது, அது உங்களுக்கும் தெரியும். கடல் தட்டையாக இருக்க வேண்டும். முந்தின வாரம் ஐஸ்லாந்துப் பக்கம் அடித்த புயலின் பழைய அலை வடக்கிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. காற்றுக்குக் குறுக்கே. அந்த வேகத்தில் ஓடும் படகின் மூக்கு அதில் குத்தினால் படகு குட்டிக்கரணம் போடும். உங்கள் நிபுணர்கள் கணிப்பில் பிழை என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிழை வராது. அந்த அலையை அது புறப்பட்ட நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

படகுத்துறையில் மலோ என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டான். "காத்து எப்படிடா?" என்று கேட்டான்.

"இதைவிட நல்ல காத்து உனக்கு வராது," என்றேன். காற்றைப் பற்றிக் கேட்டான், காற்றைப் பற்றிச் சொன்னேன்.

மேற்கே போய்த் தாழ்வுக்காகக் காத்திருந்து, திரும்பி, அதன் முன்னால் ஓடத் தொடங்கினான். பாதி நேரம்வரை சாதனையை மிஞ்சிய வேகம். பிற்பகலில் செயற்கைக்கோள் தொலைபேசியில் கூப்பிட்டான். குரலுக்குப் பின்னால் படகு நொறுங்குவது போல் சத்தம்.

"அர்மெல், வடக்கேருந்து அலை வருதுடா. மூக்கு குத்துது. பாயைக் குறைச்சிரட்டுமா?"

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குறைத்திருப்பான், சாதனை போயிருக்கும், வீட்டுக்கு வந்து கடை போட்டிருப்பான்.

"குறைக்காத," என்றேன். "கொஞ்ச நேரந்தான். அப்புறம் அடங்கிரும்."

"சரிடா. நீ சொன்னா சரி."

கவிழ்ந்த படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. இதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. விபத்து என்று போட்டு நீங்களே மூடிவிட்ட வழக்கு. பிறகு ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறான் இந்த ஆள் என்று பார்க்கிறீர்கள்.

நேற்று சொலென் வீட்டில் அவன் நினைவாகச் சாப்பாடு போட்டார்கள். கதை அவனோடு போய்விட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பாட்டில் திறந்ததும் சொலென் எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். முடி, பூனைக்குட்டி, தையல் மிஷின், எல்லாம் அவன் குரலிலேயே. அழுதுகொண்டே சிரித்தார்கள். அவளுடைய அக்கா பிள்ளைகள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"நீ விழுந்திருந்தா அவன் திரும்பி வந்திருப்பான், அர்மெல். எத்தனை தடவை விழுந்தாலும்," என்றாள்.

எனவே இது சட்டப்படி எங்காவது பதிவாக வேண்டும் என்று தோன்றியது. மலோவைக் கொன்றது நான்தான். தெரிந்தே அனுப்பினேன், தெரிந்தே குறைக்காதே என்றேன். அதை உங்கள் நடையில் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் நான் சொல்கிறபடி எழுதுங்கள். பிஸ்கேயில் அன்றைக்கு என் கை ஏற்கெனவே கயிற்றைப் பிடித்துவிட்டது. நானாகத்தான் படகில் ஏறினேன். என் முடியை யாரும் தொடவில்லை. நான் யாரையும் கூப்பிடவும் இல்லை.