கப்பலேறாத புருஷனைப் பற்றி இருசம்மாள் சொன்னது

ருத்ரோத்காரி வருஷம் ஆவணி மாதம், பழவேற்காட்டில் உலாந்தா என்னும் டச்சுக் கும்பினியார் கோட்டையில், பெரிய துரையவர்கள் சபை முன்பாக, துபாஷி கேட்கக் கேட்கச் சொன்னதைக் கணக்கன் சம்பந்தம் எழுதியது.

என் பெயர் இருசம்மாள். தகப்பன் பெயர் அங்கமுத்து. வயது சுமார் இருபத்தைந்து. முகத்துவாரத்துக்கு வடகரையில் உள்ள குப்பத்தில் குடியிருக்கிறேன். ஏரி மீனும் இறாலும் கோட்டை வாசலில் கூடை வைத்து விற்பது தொழில். புருஷன் பெயர் யாக்கோப், உலாந்தா தேசத்தார், இந்தக் கோட்டையில் கப்பல் தச்சராக இருந்தவர். எங்கள் குப்பத்தில் அவரை யாக்கப்பன் என்பார்கள். புருஷன் என்று நான் சொன்னதும் கணக்கர் எழுத்தாணியை நிறுத்தி, வைப்பு என்று எழுதட்டுமா என்று கேட்டார். புருஷன் என்றே எழுதும்படி சொன்னேன். எழுதியதை அவர் படித்துக் காட்டிய பிறகுதான் மேற்கொண்டு பேசுகிறேன்.

கோட்டைச் சிப்பாய்களுக்குத் தலைவரான சார்ஜன் வில்லெம் என்பவர் என் மேல் கொடுத்திருக்கும் பிராது இன்னதென்று துபாஷி எனக்கு விளங்கச் சொன்னார். நான் சோற்றில் மருந்து வைத்து யாக்கோப்பை மயக்கி, கடல் தாண்டியுள்ள பத்தாவிப் பட்டணத்துக்குக் கப்பலேற வேண்டியவரைக் குப்பத்தில் மறித்து வைத்திருக்கிறேனாம். நான் அவர் மனைவி இல்லை என்று சபையில் தீர்ந்தால் வந்து நிற்கிற இந்தக் கப்பலிலேயே அவரை ஏற்றிவிடுவார்கள் என்றும், மனைவிதான் என்று தீர்ந்தால், கும்பினியில் அவர் ஒப்புக்கொண்ட காலம் முடிந்துவிட்டபடியால் கரையிலேயே குடியிருக்கலாம் என்றும் துபாஷி சொன்னார். ஆகையால் எதையும் விடாமல் வரிசையாகச் சொல்லுகிறேன்.

போன ஐப்பசி மழையில் எங்கள் படகு கோட்டைத் துறையில் மோதி, அடிப்பலகை விட்டுப்போயிற்று. என் தகப்பனாருக்குக் கண் மங்கல், எனக்கு அண்ணன் தம்பி இல்லை. அப்போது அந்த வழியாக வந்த யாக்கோப் ஒருவரையும் கேட்காமல் உட்கார்ந்து பலகையில் இரும்பாணி அடித்தார். கயிற்றால் தைத்த படகில் ஆணி அடித்தால் அது எத்தனை நாள் தாங்கும்? என் தகப்பனார் கோபத்தில் கத்தினார். யாக்கோப்புக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, கோபம் மட்டும் புரிந்தது. மறுநாள் குறடு கொண்டு வந்து, அடித்த ஆணிகளைத் தாமே பிடுங்கிவிட்டு, தைக்கச் சொல்லிக்கொடுங்கள் என்று கையால் காட்டினார். விரலெல்லாம் கயிறு அறுத்து இரத்தம் வந்தது. அந்த மனுஷரை எனக்கு அன்றைக்கே பிடித்துப்போயிற்று. இதைச் சபையில் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதன் பிறகு அவர் வேலை ஓய்ந்த நாளெல்லாம் ஏரியைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து போவதும், என் தகப்பனாரோடு வலை உலர்த்துவதும், தமிழ் பேசிப் பழகுவதுமாக இருந்தார். அதைப் பார்த்த ஊருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கிணற்றடியில் நான் குடத்தை வைத்தால் போதும், பேச்சை ஆரம்பித்துவிடுவார்கள். குப்பத்துக்குத் தலைவரான எங்கள் நாட்டார் சுப்பராயலு மாமாவின் பெண்சாதி முனியம்மா அத்தை எல்லோர் முன்னாலும், "கப்பல் வந்தா இவன் போயிகினே இருப்பான். நீ வயித்தத் தூக்கினு கரைல நிப்பே. செல்வம்மா கதி இன்னா ஆச்சினு பாத்தியா இல்லியா?" என்று கேட்டார். கோட்டைத் தெருவில் இருக்கும் செல்வம்மாளை ஒரு கும்பினி கொத்தனார் இரண்டு பிள்ளைகளோடு விட்டுப் போனது மெய்தான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முனியம்மா அத்தையின் சொந்தக் கொழுந்தனார் நாகப்பட்டணத்துக்கு மீன் விற்கப் போகிறேன் என்று போனவர் இன்னும் விற்றுக்கொண்டே இருக்கிறார். அதை யாரும் கிணற்றடியில் பேசுவதில்லை. வெள்ளைத் தோல் ஓடினால் அது ஜாதிக் குணம், நம்மவன் ஓடினால் அவன் தலையெழுத்து, இது என்ன நியாயம்? இதை அப்போதே கேட்டேன். அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குள் உறுத்தியது. ஆகையால் நானே அவரிடம் நேராக, "கப்பல் வந்தா இன்னா பண்ணுவே?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "வந்தா ஓட்டை கீதானு பாப்பேன். நான் தச்சன்" என்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் சிரிக்காமல், தம் ஊரில் தமக்குத் தாயும் இல்லை, பெண்சாதியும் இல்லை, கப்பலேற்றிவிட்ட ஒரு மாமன்தான் உண்டு, அவன் முகத்தைத் திரும்பப் பார்க்க ஆசையுமில்லை என்று சொன்னார். அதன் பிறகு என் தகப்பனார் மாசி மாதம் எல்லம்மன் கோயில் முன்பாக நாள் வைத்தார். யாக்கோப் என் கழுத்தில் தாலி கட்டினார்.

எங்கள் குப்பத்தில் கல்யாணமென்றால் நாட்டார் கையில் வெற்றிலை கொடுக்க வேண்டும், அவர் வாங்கினால் ஊர் வாங்கியது போல. என் தகப்பனார் நீட்டிய வெற்றிலையைச் சுப்பராயலு மாமா வாங்கவில்லை. "வெள்ளக்காரன் கட்னது தாலி இல்ல, கயிறு" என்று சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஊரும் விலகிப் போயிற்று. கல்யாணச் சோறு மிஞ்சியது. என் தகப்பனார் அதைத் தாமே ஏரிக்கரை நாய்களுக்குக் கொண்டு போய் வைத்தார். அந்த ஒரு நாள்தான் நான் அழுதேன்.

அதன் பிறகு யாக்கோப் எங்கள் வீட்டோடு வந்து இருந்தார். பகலில் கோட்டை வேலை, மற்ற நேரம் ஏரி. கும்பினிக்காரன் சம்பளத்துக்காக நான் ஒட்டிக்கொண்டேன் என்று சார்ஜன் சொன்னதாகத் துபாஷி சொன்னார். எங்கள் வீட்டுக்கு அவர் கொண்டு வந்தது ஒரு தச்சுப் பெட்டியும் ஒரு கம்பளித் தொப்பியும். அந்தத் தொப்பியில் இப்போது எங்கள் கோழி அடைகாக்கிறது. சோறு போட்டது நாங்கள். மருந்து வைத்தேன் என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எனக்கு மருந்து வைக்கத் தெரிந்திருந்தால் முதலில் அவருடைய குறட்டைக்கு வைத்திருப்பேன்.

இதற்கு அப்பால் நடந்ததுதான் முக்கியம், சபையார் கவனித்துக் கேட்க வேண்டும். ஏரியில் வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சந்தான். அவற்றைப் பாடு என்போம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சிப்பியில் அடையாளம் கீறிக் குடத்தில் போட்டு, ஆடி அமாவாசைக்கு அப்புறம் ஊர் கூடிச் சீட்டு எடுப்பார்கள். யார் கையில் எந்தச் சிப்பி வருகிறதோ அந்தப் பாடு அந்தக் குடும்பத்துக்கு. கல்யாணமான ஆண்பிள்ளை தவிர வேறொருவர் குடத்தில் கை விடக் கூடாது. விட்டால் அந்தச் சீட்டு முழுவதும் பழுது, எல்லோரும் எடுத்த சிப்பியைத் திரும்பப் போட்டு மறுபடி எடுக்க வேண்டும். இது எல்லம்மன் பேரில் உள்ள கட்டு. இதை மீறின குப்பம் எங்கள் ஏரியில் கிடையாது.

இந்த ஆடியில் சீட்டு எடுத்தபோது என் தகப்பனாரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு யாக்கோப்பும் வந்து ஓரமாக நின்றார். சுப்பராயலு மாமாவுக்கு முகத்துவாரப் பாடு விழுந்திருந்தது. ஏரியிலேயே இறால் அதிகம் விழுகிற பாடு அதுதான். மாமாவுக்கு ஒரே குஷி. அந்தக் குஷியில் இவரைப் பார்த்து, "இன்னா துரை, நீயும் கை விடேன், பாக்கலாம்" என்று கேலியாகச் சொன்னார். குடத்தில் கடைசியாக ஒரே சிப்பிதான் கிடந்தது, அதுவும் ஒருவரும் வேண்டாத சேற்றுப் பாடு. ஊரே விடு விடு என்று கூச்சல் போட்டது. இவர் நிஜமென்று நம்பி, தொப்பி இல்லாத தலையைக் குனிந்து அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கை விட்டு எடுத்தார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் சிரித்தது சேற்றுக்கு. நான் சிரித்தது, நாட்டார் சொல்லி, ஊர் பார்க்க, இவர் கை குடத்துக்குள் போனதற்கு. அதை அன்றைக்கு வேறு யாரும் யோசிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு இந்த ஆவணியில் கப்பல் வந்து வெளியே ஆழத்தில் நங்கூரமிட்டது. சார்ஜன் வில்லெம் சிப்பாய்களோடும் துபாஷியோடும் எங்கள் வீட்டுக்கு வந்து, கப்பலேற வேண்டும் என்று உத்தரவு சொன்னார். யாக்கோப், தம் காலம் முடிந்துவிட்டது, தமக்கு இங்கே பெண்சாதி இருக்கிறாள் என்று சொன்னார். சார்ஜன் சிரித்து, எங்களுக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் இப்படி ஒருத்தி உண்டு, எல்லாரையும் பெண்சாதி என்றால் கும்பினி தாங்குமா என்று கேட்டதாகத் துபாஷி எனக்குச் சொன்னார். நான், "உனக்கு உண்டுன்னா, ஊருக்கே உண்டா?" என்று கேட்டேன். அதைத் துபாஷி அவருக்குச் சொல்லவில்லை. இப்போதாவது சொல்ல வேண்டும். அன்றே யாக்கோப்பைப் பிடித்துக்கொண்டு வந்து கோட்டையில் வைத்தார்கள்.

அதன் பிறகு பெரிய துரையவர்கள், இவள் மனைவியா இல்லையா என்று விசாரித்து வரும்படி துபாஷியை எங்கள் குப்பத்துக்கு அனுப்பினார்கள். ஊர் கூடியது. சுப்பராயலு மாமா, நாங்கள் வெற்றிலை வாங்கவில்லை, அது கல்யாணமே இல்லை என்று சொன்னார். துபாஷி எழுந்து புறப்படப் போனார். நான் நடுவில் போய் நின்றேன்.   "சரி மாமா. அவரு என் புருஷன் இல்ல. அப்போ கல்யாணமாகாத கை கொடத்துக்குள்ள பூந்துச்சி. சீட்டு பழுது. கொடத்தக் கொண்டாங்க, எல்லாரும் சிப்பியப் போடுங்க" என்று சொன்னேன்.

 முகத்துவாரத்தில் இறால் பாய ஆரம்பித்திருந்த சமயம் அது. மாமா வலைக்குப் புதுக் கழிகூட நட்டாயிற்று. அவர் என்னைப் பார்த்தார், குடம் வைத்திருக்கிற கோயிலைப் பார்த்தார், பிறகு தம் பெண்சாதியைப் பார்த்தார். முனியம்மா அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "யோவ், இன்னாய்யா முழிச்சினு கீறே? அந்தப் பொண்ணு தாலி கட்டினு குடும்பம் நடத்தறது உன் கண்ணுக்குத் தெரியலியா? வெத்தலைய வாங்கு!" என்று கத்தினார். நல்ல பாடு விழுந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். யாக்கப்பன் எவ்வளவு நல்லவர் என்று ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கே தெரியாத நல்ல குணமெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வெற்றிலைக்கு நான் ஓடவில்லை. என் தகப்பனார் தடவித் தடவி வீட்டுக்குள் போய் எடுத்து வரும்வரை நாட்டார் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மாசியில் பின்னால் கட்டிய அதே கை. என் தகப்பனார் வேண்டுமென்றே மெதுவாக வந்தார் என்று நினைக்கிறேன். மாமா வாங்கி மடித்து வாயில் போட்டு மென்றார். துபாஷி கண்ணால் பார்த்தார், இங்கே நிற்கிறார், கேட்டுக்கொள்ளலாம்.

சபையார் கடைசியாக, இவ்வளவுக்கும் பிறகு கும்பினி உத்தரவுப்படி அவரைக் கப்பலேற்றினால் நீ என்ன செய்வாய் என்று கேட்டார்கள். நான் ஒன்றும் செய்யமாட்டேன். கப்பல் வெளியே ஆழத்தில் நிற்கிறது. கரையிலிருந்து அலையைத் தாண்டி ஆளையும் மூட்டையையும் அதற்குக் கொண்டு சேர்ப்பது எங்கள் குப்பத்துப் படகுகள். சீட்டு எடுத்தவர் ஊரில் இல்லாமல் போனால் பாடு குலையும், எல்லோரும் சிப்பியைத் திரும்பப் போட்டு மறுபடி எடுக்க வேண்டி வரும். ஆகையால் இன்று காலையிலிருந்து குப்பத்து ஆண்கள் அத்தனை பேரும் துடுப்புகளைத் தோளில் வைத்துக்கொண்டு கோட்டை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவர் சுப்பராயலு மாமா. யாக்கப்பனை ஏற்றிப் போக ஒரு துடுப்பும் தண்ணீரில் இறங்காது என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். சார்ஜனுக்கு அவ்வளவு அவசரமானால் என் புருஷனை முதுகில் சுமந்துகொண்டு நீந்திப் போகட்டும்.

நான் சொன்னதைக் கணக்கர் தமிழிலும் துபாஷி உலாந்தா பாஷையிலும் படிக்கக் கேட்டேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. எல்லம்மன் அறியச் சொன்னது எல்லாம் மெய்.

இருசம்மாள், யாக்கோப் பெண்சாதி, கைக்கீறல்.

மேற்படி கீறல் என் எதிரில் இட்டது. இதன் பேரில் பெரிய துரையவர்கள் காவலில் இருந்த யாக்கோப் தச்சரைச் சபைக்கு வரவழைத்து, கப்பலேறச் சம்மதமா என்று உலாந்தா பாஷையில் கேட்டார்கள். அதற்கு அவர் தமிழில், "நாளிக்கி வலை கட்டணும், நைனாவுக்குக் கண்ணு தெரியாது, என்ன வுட்டுடுங்க" என்று சொன்னார். விடும்படி உத்தரவாயிற்று. வாசலில் எழுந்த கூச்சலில் மற்ற வழக்குகள் எடுக்கக் கூடாமல் சபை கலைந்தது. கணக்கன் சம்பந்தம்.