குமாரதாஸ் தராத ஐந்து நிமிடம்

மழைக்காலத்தில் ஒலிபெருக்கிக் குழாய்க்குச் சளி பிடிக்கும். எவ்வளவு நல்ல குரலுள்ளவன் பேசினாலும் மூக்கடைத்தவன் பேசுவதுபோலத்தான் கேட்கும். அதனால் ஐப்பசி பிறந்ததும் குழாய்களைக் கழற்றி அடுப்பங்கரையில் கவிழ்த்து வைப்பேன். என் வீட்டுக்காரி தங்கபாய் அதற்காகத் திட்டாத நாள் கிடையாது. "நான் மீன்கறி வைக்கவா, உங்க கொழலுக்கு ஆவி பிடிக்கவா?" என்பாள். எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கு என்று சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் ரைட்டர் பாவம், எந்தத் தாளில் எழுதுவதென்று முழிக்கிறார். போன வாரம்வரை நாம் திருவனந்தபுரம் சர்க்காருக்குக் கீழே இருந்தோம். இந்த வாரம் சென்னைக்குக் கீழே. அச்சடித்த தாளெல்லாம் மலையாளத்தில் இருக்கிறது, வாசல் பலகையில் தமிழ்ப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. நிதானமாக எழுதட்டும். நானும் மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் முத்துநாயகம். வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்தவரின் மகன். தொட்டிலில் கிடந்தபோதே பேரம் கேட்டு வளர்ந்தவன். "கட்டாது, போ" என்று ஒருவன் சொன்னால், அந்தக் குரலை வைத்தே எவ்வளவுக்குக் கட்டும் என்று சொல்லிவிடுவேன். நாடு சுதந்திரம் வாங்கிய வருடம், பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவனிடம் ஒரு ஆம்ப்ளிபயரும் மைக்கும் இரண்டு குழாயும் பேரம் பேசி வாங்கினேன். அப்பா குலை விற்கட்டும், நான் குரல் விற்கிறேன் என்று நினைத்தேன். இனிமேல் ராஜாவும் திவானும் கிடையாது, பேசுகிறவனுக்குத்தான் காலம் என்று எல்லோரும் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். பேசுகிறவனுக்குத்தான் காலம், மைக் கட்டுகிறவனுக்கு இல்லை.

காலையில் ஒரு கட்சி, மாலையில் அதே பந்தலில் அதைத் திட்டுகிற கட்சி, ஞாயிற்றுக்கிழமை உபதேசியார், செவ்வாய்க்கிழமை அம்மன் கோவில் கொடைவிழா. எல்லோரும் என் மைக்கில் எச்சில் தெறிக்கப் பேசினார்கள். நான் துடைத்தேன். ஒன்பது வருடத்தில் நான் அதில் சொன்னது, "ஹலோ, ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு." மூன்றுக்கு மேல் எண்ணுவதற்கு எனக்கு உரிமை கிடையாது.

எனக்கு நாற்பத்தாறு வயது. இந்த வயதில் ஆண்பிள்ளைக்கு ஒரு அரிப்பு வரும். சிலர் இரண்டாவது குடும்பம் தேடுவார்கள், சிலர் சபரிமலைக்கு மாலை போடுவார்கள், மிச்சமுள்ளவர்கள் எலெக்ஷனில் நிற்பார்கள். எனக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு தடவை, என் குழாயில் என் குரல் வர வேண்டும். அவ்வளவுதான். தங்கபாயிடம் சொன்னபோது, "உங்களுக்கு இப்போ என்ன கொறச்சல்?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

குமாரதாஸுக்கு வருவோம். செத்தவனைப் பற்றிக் குறை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அவனுக்குக் குரல் இருந்தது, எனக்குச் சரக்கு இருந்தது. அவன் பேசுகிற கூட்டத்துக்குப் போகும் பஸ்ஸில், மடியில் ஆம்ப்ளிபயரை வைத்துக்கொண்டு நான் எதையாவது சொல்வேன். "சர்க்கார் உத்தரவு பேச்சிப்பாறை அணைத் தண்ணி மாதிரிலே. கெளம்பும்போது ஆறு, நம்ம வயலுக்கு வந்து சேரும்போது வெறும் ஈரம்" என்று ஒருமுறை சொன்னேன். அன்று மாலையே அது மேடையில் அவன் வாயிலிருந்து வந்தது. சனம் சிரித்துப் புரண்டது. அந்த இடம் வரும்போது நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தேன். என் நகைச்சுவை கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டாமா?

மறுநாள் பத்திரிகையில், "திரு. குமாரதாஸின் நகைச்சுவையில் கூட்டம் குலுங்கியது" என்று போட்டார்கள். படமும் வந்தது. அவனுக்குப் பின்னால் என் இடது தோள் தெரிந்தது. அடுத்த கூட்டத்துப் படத்தில் தோளையும் வெட்டிவிட்டார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. பத்திரிகையில் இடம் குறைவு. கோபம் இல்லை என்பதை ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும்.

தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கிளர்ச்சி நடந்த நாளில் குமாரதாஸ் ஒரு வித்தை பழகினான். மற்றவர்கள் மேடைப் பலகையில் செருப்போடு நின்று பேசுவார்கள். இவன் முறை வந்ததும் செருப்பைக் கழற்றுவான், மேடையைவிட்டு இறங்குவான், வெறும் காலோடு தரையில் நிற்பான். "இந்த மண்ணைத் தொட்டுப் பேசுறேன்" என்பான். பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். இரும்புக் காலோடு மைக்கைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே இறங்குவேன்.

இணைப்பு உறுதியான அன்று, வடசேரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவனிடம் கேட்டேன்.

"லேய் குமாரு, வெற்றிக் கூட்டத்துல எனக்கு அஞ்சு நிமிசம் தருவியா?"

"அஞ்சென்ன மக்கா, பத்தே எடுத்துக்கோ. நீ இல்லாட்டா எனக்க சத்தம் வடசேரிய தாண்டியிருக்குமா?"

கேட்டதற்கு மேலே தருகிறேன் என்கிறவன் ஒன்றும் தரப்போவதில்லை. சந்தையில் வளர்ந்த எனக்கு அது தெரியும். ஆனாலும் நம்பினேன். ஆசைப்பட்டு வாங்க வருகிறவனுக்குக் கண் தெரியாது என்பதை அன்றுதான் வாங்குகிறவன் பக்கம் நின்று தெரிந்துகொண்டேன். கோழிக்கூட்டுக்கு முன்னால் நின்று பேசிப் பழகினேன். தங்கபாய் அரிவாள்மணையில் உட்கார்ந்து கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஒரு சட்டை தச்சுப் போடுங்க" என்றாள். தைத்துப் போட்டேன்.

நவம்பர் ஒன்றாம் தேதி மாலை, சந்தைக்கு அடுத்த மைதானத்தில் கூட்டம். தங்கபாய் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தாள். அன்றைக்கென்று மழை இல்லை, நல்ல வெயில். குமாரதாஸ் வந்ததும் என் சட்டையைத்தான் பார்த்தான்.

"என்னலே, மாப்பிள கணக்கா சட்டையெல்லாம் தச்சுப் போட்டிருக்கியா?"

"பேசணும்லா."

"என்னத்தப் பேசணும்?"

"நீ தாறேன்னு சொன்ன அஞ்சு நிமிசம்."

அவன் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினான். "கேட்டியளா, மைக்குக்காரனுக்குப் பேசணுமாம். மக்கா, நீ ஹலோ ஹலோன்னு சொல்லு. அதுக்கே சனம் கை தட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை அது. அவன் சொந்தமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நான் எதையும் செய்யவில்லை, ஐயா. வழக்கமாகச் செய்வதில் ஒன்றைச் செய்யவில்லை, அவ்வளவுதான். என் ஆம்ப்ளிபயருக்கு வயதாகிவிட்டது. அதன் இரண்டு முள் ப்ளக்கை ஒரு பக்கமாகக் குத்தினால் ஒன்றும் இல்லை. திருப்பிக் குத்தினால் மைக்கின் இரும்புக் காலில் கரண்ட் கடிக்கும். பலகையில் செருப்போடு நிற்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. தரையில் நிற்பவனுக்குத் தெரியும். அதனால் குமாரதாஸ் இறங்குவதற்கு முன்னால் புறங்கையால் தொட்டுப் பார்த்து, கடித்தால் ப்ளக்கை மாற்றிக் குத்துவது என் வழக்கம்.

அன்று பார்க்க மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் நான் பொய் சொல்ல வரவில்லை. தொட்டுப் பார்த்தேன். கடித்தது. கடிக்கத்தான் செய்யும், அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ப்ளக்கைத் திருப்பிக் குத்தியது நான்தானே. அதற்கும் முன்னால், தூசி பறந்தால் பேசுகிறவனுக்குத் தொண்டை கட்டும் என்று தரையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தேன். மைதானம் முழுக்க ஊற்ற ஒரு குடம் போதாது. அவன் நிற்கிற இடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

அவன் செருப்போடு பலகையிலேயே நின்றிருந்தால் இன்று உயிரோடு இருப்பான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மண்ணில் நிற்கச் சொல்லி நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"தமிழ் மண்ணே" என்று தொடங்கினான். இரண்டு கையாலும் மைக் காலைப் பிடித்திருந்தான். உடம்பு நடுங்கியது, கண் மேலே செருகியது, குழாயில் ஒரு முனகல் மட்டும் வந்தது. அவன் மேடையில் அழுவதைப் பார்த்துப் பழகிய சனம், உணர்ச்சிவசப்படுகிறான் என்று நினைத்து எழுந்து நின்று கை தட்டியது. குழந்தைகள் பயப்படுமே என்று நான் சத்தத்தைக் குறைத்தேன். ஸ்விட்ச் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கைதட்டல் ஓயட்டும் என்று இருந்தேன். அப்படிப்பட்ட கைதட்டலை நடுவில் நிறுத்த யாருக்கும் மனம் வராது. ஓய்ந்ததும் அணைத்தேன். அவன் விழுந்தான்.

அவனைத் தூக்கி மேடைக்குப் பின்னால் கிடத்தினார்கள். டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடியது. சனம் கலைந்து முண்டியது. அந்த நெரிசலில் பெண்களும் பிள்ளைகளும் மிதிபடாமல் இருக்க யாராவது பேச வேண்டும். ப்ளக்கைச் சரியாகக் குத்தி, மைக்கைப் பலகைமேல் தூக்கி வைத்து, "சாதாரண மயக்கம்தான், எல்லாரும் அப்படியே இருங்க" என்றேன். ஆயிரம் பேர் என் ஒரு சொல்லுக்கு உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்த சனத்தைச் சும்மா விடக் கூடாது. பேச்சிப்பாறைத் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். ஏற்கெனவே கேட்டதுதான், ஆனாலும் உடையவன் வாயில் வரும்போது அதன் ருசியே வேறு. சிரித்தார்கள். கோழிக்கூட்டுக்கு முன்னால் பழகிய மிச்சத்தையும் எடுத்துவிட்டேன். அப்போது டாக்டரின் கார் மைதான ஓரத்தில் வந்து நின்றது. வழியெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வழிவிடச் சொல்லும்படி கீழே நின்ற ஒருவர் எனக்குக் கை காட்டினார். நான் ஒரு நல்ல இடத்தில் இருந்தேன். முடித்துவிட்டுச் சொன்னேன்.

தங்கபாய் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "நீங்க பேசும்போ அவருக்கு உயிரு இருந்துதா?"

"இருந்திருக்கும்" என்றேன். "பேச்சு எப்படி இருந்தது?"

அவள் துணியை மடித்துப் பையில் வைத்தாள். விடிந்ததும் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. டாக்டர் மாரடைப்பு என்றார். உள்ளங்கையில் கரிந்திருந்த இடத்தைப் பீடிச் சூடு என்று நினைத்துவிட்டார்கள். நேற்றுப் பத்திரிகையில் அவனுக்கு முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். கடைசி வரி, "பின்னர் மைக் செட் ஊழியர் ஒருவர் கூட்டத்தினரை அமைதிப்படுத்தினார்." ஊழியர் ஒருவர். அதைப் பார்த்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனச்சாட்சி உறுத்தியது, வந்துவிட்டேன். பத்திரிகைக்கும் நான் வந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

ஆகவே, குமாரதாஸைக் கொன்றவன் நான். தெரிந்தே, நினைத்தே செய்தேன். முத்துநாயகம் என்று பெயரை முழுசாகப் போடுங்கள். கோர்ட்டில் இதை உரக்க வாசிப்பார்கள் இல்லையா? உங்கள் ரைட்டர் நல்ல மனுஷன்தான். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சனம் சிரிக்கும் என்று அவருக்குத் தெரியாது. கூட்டம் வரும் நாளாகப் பார்த்து வையுங்கள். நானே வாசித்துக்கொள்கிறேன்.