நூற்றிருபது ஆபிரகாம்கள்

எங்கள் சபையில் புத்தாண்டு வாக்குத்தத்தச் சீட்டுகளை அச்சடித்து வெட்டுவது என் வேலை. ஓரம் பிசிறில்லாமல் வெட்டுவேன். விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் என்னைக் கவனமில்லாதவன் என்று நினைத்துவிடக் கூடாது.

நான் அசரியா. ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பதினொரு வருடமாகப் பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நிற்கிறேன். ஈஸ்டர் தனிப்பாடல் ஒவ்வொரு வருடமும் ஜெர்சனுக்குத்தான். நல்ல மனிதர். உச்சத்தில் பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவருடைய மகள் அவரைப் பெர்த்துக்கே வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் யோசித்துக்கொண்டிருந்தார். யோசிக்கிறவருக்கு உதவுவதில் தவறில்லை.

இந்த வருடம் ஆயர், "வெறும் வசனம் வேணாம் சார். சீட்டுக்கு ஒரு விசுவாச வீரர், அவர் வாழ்க்கைல இருந்து ஒரு பாடம்னு போடுங்க" என்று நாற்பது பேர் பட்டியல் கொடுத்தார். எனக்குத் தேவைப்பட்டவர் ஒருவர்தான். 'ஆபிரகாம்: எங்கே என்று கேட்காதே. வீட்டை விட்டுப் புறப்படு.'

புத்தாண்டு காலை ஆராதனையில் குடும்பத்துக்கு ஒரு சீட்டு எடுப்பார்கள். அந்த வருடம் முழுக்க அது கடவுள் சொன்ன வார்த்தை. நூற்றிருபது சீட்டில் ஆளுக்கு மூன்று என்றால், ஜெர்சன் கைக்குச் சரியாக ஆபிரகாம் வர வாய்ப்பு நாற்பதில் ஒன்று. போதாது. அதனால் நூற்றிருபதிலும் ஆபிரகாமையே போட்டேன்.

சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் சந்தேகப்படுவார்கள் என்று பயந்தேன். அழுதார்கள். பட்டியல் கொடுத்த ஆயரே அதை அற்புதம் என்று அறிவித்தார்.

பிளஸ்ஸி குடும்பம் கனடா போனது. மெர்வின் பல்லாவரம் வீட்டைப் பூட்டிவிட்டு, தாம்பரத்தில் முதலில் வந்த ரயிலில் பிள்ளைகளோடு ஏறினார். இதுவரை போன் இல்லை. ஹில்டா அக்கா மேகாலயா போனார். அங்கே அவருக்கு யாரையும் தெரியாது.

"ஆபிரகாம் கிளம்புறப்ப எழுபத்தஞ்சு வயசு சார். எனக்கும் அதேதான்" என்று எனக்கே பாடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெர்சனிடம் எப்போது பயணம் என்று கேட்டேன்.

"பயணமா? நாகர்கோவில விட்டுத் தாம்பரம் வந்தேன்ல சார், அப்பவே நிறைவேறிடுச்சு. பொண்ணுகிட்ட வரலன்னு சொல்லிட்டேன்."

ஈஸ்டர் அன்று பீடத்தில் ஆயர், மைக்கில் ஜெர்சன், கேட்பதற்கு நான் மட்டும். கண்ணை மூடிக்கொண்டுதான் பாடினார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆமாம், நூற்றிருபதையும் அச்சடித்தவன் நான்தான். ஆனால் என் கையைப் பிடித்து அடிக்க வைத்தவர் கடவுள். போனவர்கள் அவருக்குத்தான் கீழ்ப்படிந்தார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை.

நானும் ஒரு சீட்டு எடுத்தேனா என்று கேட்கிறீர்கள். எடுத்தேன். ஆபிரகாம்தான். ஆனால் அது நானே அச்சடித்த காகிதம். அதை நம்பி யாராவது வீட்டை விட்டுப் போவார்களா?